சம்பந்திக்குக் கொடுத்த குடை

"சம்பந்தம் பேச வந்தவங்களைக் கொண்டுபோய் சர்க்கார் பதிவேட்டுல எழுதி வச்சிருக்கீங்களே, உங்களை என்னன்னு சொல்றது?"

"சட்டம் அப்படி இருக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

"அந்தச் சட்டத்தை எழுதினது யாரு?"

"ஒரு குழு."

"குழுவுல யாரு இருந்தா?"

இந்தக் கேள்விக்கு மூன்றாம் மாடியிலிருந்து பதில் வரவில்லை. எங்கள் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. நான்கு மாடிக்கும் ஒரே படிக்கட்டு, கிணறு மாதிரி நடுவில் இறங்குகிறது. மேலே ஒருவர் பெருமூச்சு விட்டால் கீழே என் வாசல் மிதியடி அசையும். அதனால் பதில் வராததும் தெளிவாகவே கேட்டது. இரண்டாம் மாடிக் கதவு ஒரு விரற்கடை திறந்தது. எனக்கும் அந்த நேரம் பார்த்துத் துடைக்க வேண்டிய படி ஒன்று இருந்ததால் துணியோடு வெளியே வந்து நின்றேன்.

கேட்டவர் பல் டாக்டரம்மா. வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்பது அவர் தொழில். பதில் வராது என்று தெரிந்தே இருபத்தாறு வருஷமாகக் கேட்டுப் பழகியவர். கேட்கப்பட்டவர் அவருடைய கணவர், வக்கீல். அவர் என்ன வக்கீல் என்று எங்கள் கட்டடத்துக்கு விளங்கவே பல காலம் ஆயிற்று. கொலை வழக்கு பார்ப்பதில்லை, விவாகரத்து பார்ப்பதில்லை, வீட்டுக்காரர் குடித்தனக்காரர் சண்டையைக்கூடத் தொடமாட்டார். ஒருமுறை நாலாம் மாடிக்காரர் ஒழுகுகிற குழாய் விஷயமாக ஆலோசனை கேட்கப் போனாராம். "குழாய் இறக்குமதியா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றதும் ரொம்ப வருத்தப்பட்டுக் கதவைச் சாத்திவிட்டார்.

விஷயம் இதுதான். நாட்டுக்குள் வந்து இறங்குகிற ஒவ்வொரு பொருளுக்கும் அரசாங்கத்திடம் ஒரு பட்டியல் இருக்கிறது. இன்ன பெயர் என்றால் இன்ன வரி. பெயர் மாறினால் வரியும் மாறும். இப்படிப் பெயருக்காகச் சண்டை போடுவதற்கென்றே சில வக்கீல்கள் இருக்கிறார்கள். அதில் இவர் பெரிய புள்ளி. சின்ன வயதிலேயே பேர் வாங்கிக் கொடுத்தது ஒரு நாற்காலி. சமையலறையில் போட்டு உட்காருவதற்கு. மடக்கிப் பிரித்தால் நான்கு படி உள்ள ஏணி. நாற்காலிக்கு வரி மூன்று மடங்கு, ஏணிக்குக் கொஞ்சம். இவர் அதை நீதிமன்றத்துக்கே தூக்கிக்கொண்டு போய், பிரித்து, மேலே ஏறி, ரொம்ப நாளாக எரியாமல் இருந்த விளக்கைக் கழற்றிப் புது விளக்கு மாட்டிவிட்டு இறங்கியிருக்கிறார். தீர்ப்பு அந்த வெளிச்சத்திலேயே எழுதப்பட்டது. அது ஏணிதான்.

அதன்பிறகு அவருக்கு ஒரு ஞானம் பிறந்தது. பட்டியல் வந்த பிறகு போய் மல்லுக்கட்டுவதைவிட, பட்டியல் எழுதுகிற இடத்துக்கே முன்கூட்டிப் போய்ப் பேசிவிட்டால் என்ன? இதற்கு லாபி என்று பெயராம். விசிட்டிங் கார்டில் மரியாதையாக 'கொள்கை ஆலோசகர்' என்று போட்டுக்கொண்டார். "பிள்ளை பிறக்கறதுக்கு முன்னாடியே போய்ப் பேர் வைக்கற வேலை," என்று டாக்டரம்மா எங்களுக்குச் சுருக்கமாக விளக்கினார்.

இந்தத் தொழிலில் அவருக்கு ஒரு பெரிய குறை இருந்தது: வயிறு. மற்ற லாபிக்காரர்கள் அதிகாரிகளை விருந்துக்குக் கூப்பிடுவார்கள், படகில் ஏற்றிக்கொண்டு போவார்கள். இவருக்கு அரைத் தட்டுச் சாப்பிட்டாலே நெஞ்செரிச்சல், படகைப் பார்த்தாலே தலைசுற்றல். ஆகவே அரசாங்கம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தச் சந்திப்புகளுக்கெல்லாம் ஒரு விதிமுறை வகுக்கக் குழு போட்டபோது, முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துகொண்டார். விருந்துக்காரர்களை ஒரே அடியில் ஒழித்துவிட வேண்டும் என்பது எண்ணம். மற்ற உறுப்பினர்கள் தூங்கி விழ விழ, விதிகளை இவரே இறுக்கினார்.

லாபிக்காரர் யாராவது ஓர் அதிகாரியோடு மூன்று நிமிடத்துக்கு மேல் பேசினால், நின்று பேசினாலும் உட்கார்ந்து பேசினாலும், அது சந்திப்பு. இரு பக்கத்திலும் ஒரே கூரையின் கீழ் வாழும் குடும்பத்தார் பேசினாலும் அப்படியே. தேதி, இடம், பேசிய நேரம், பேசிய விஷயம், கைமாறிய பொருள் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். கைமாறியது அந்த அதிகாரியின் மேஜையில் இருக்கும் விவகாரத்தைச் சேர்ந்த பொருள் என்றால், அது என்ன விலையானாலும் குற்றம். அதிகாரி வேலையை இழப்பார். குழுவில் ஒரே ஒரு கிழவர் மட்டும் விழித்துக்கொண்டு, மழைக்கு ஒருத்தனை என் வாசலில் ஒதுங்க விட்டால்கூடக் குற்றமா என்று கேட்டாராம். அவர் வாயை அடைப்பதற்காக, உட்கார இடம், குடிக்க ஏதாவது, வெயில் மழைக்கு ஒதுங்கக் கூரை, இவை மட்டும் பொருள் ஆகாது என்று மனசில்லாமல் ஒரு வரி சேர்த்தார்.

பதிவேடு பொதுமக்கள் பார்வைக்கு. திங்கட்கிழமை காலை கம்ப்யூட்டரில் வந்துவிடும். முன்பெல்லாம் ஒரு செய்தி தெரிந்துகொள்ள நான் எத்தனை படி துடைக்க வேண்டியிருந்தது. இப்போது அரசாங்கமே காப்பி நேரத்துக்குக் கொண்டுவந்து கொடுக்கிறது.

அந்தத் திங்கட்கிழமை வந்த பதிவு இது: 'இடம்: சொந்த வீடு, கூடம். நேரம்: ஒரு மணி ஐம்பது நிமிடம். வந்தவர்கள்: சுங்கப் பட்டியல் பிரிவு அதிகாரி, அவருடைய தாயார். விஷயம்: மேற்படி அதிகாரிக்கும் என் மகளுக்கும் திருமணம். குடை பற்றிப் பேசப்படவில்லை. கொடுத்தவை: தேநீர் நான்கு கோப்பை, சர்க்கரை இல்லாத பிஸ்கட் ஒரு தட்டு, குடை ஒன்று (திருப்பித் தரவேண்டியது).'

ஊரில் அத்தனை பொருள் இருக்க, அந்தப் பதிவைக் கெடுத்தது அந்தக் கடைசிக் குடை.

வக்கீல் ஆறு வருஷமாக நடத்திக்கொண்டிருந்த வழக்கே குடை வழக்குதான். உள்ளூர்க் குடை தயாரிப்பாளர் சங்கம் அவருடைய கட்சிக்காரர். வெளிநாட்டிலிருந்து ராட்சசக் குடைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஏழடி அகலம், எட்டு இரும்புக் கம்பி, கீழே மண்ணில் குத்தி நடுவதற்குக் கூரான குழாய். இறக்குமதிக்காரர்கள் அதைக் கூடாரம் என்று சொல்லிக் கொஞ்சூண்டு வரியில் கொண்டுவந்தார்கள். அது குடைதான், குடைக்கு உண்டான முழு வரியைப் போடுங்கள் என்பது சங்கத்தின் வாதம். எதிர்த்தரப்புக்கு வாதாடியது வேறு யாருமில்லை, வக்கீலிடமே ஒன்பது வருஷம் தொழில் கற்றுக்கொண்டு போன பழைய ஜூனியர். அந்தப் பெண் கையில் எடுத்துப் போக முடியாதது எப்படிக் குடையாகும் என்று கேட்டாள். விரிகிறது, மடங்குகிறது, கம்பி இருக்கிறது, துணி இருக்கிறது, பிறகென்ன குடைக்குக் கொம்பா முளைக்கும் என்று இவர் கேட்டார். தீர்ப்புச் சொல்ல வேண்டிய கோப்பு போய் உட்கார்ந்திருந்தது அந்த இளம் அதிகாரியின் மேஜையில்.

வக்கீலின் ஒரே மகளுக்கு வானிலை ஆபீசில் வேலை. வருஷத்தில் எத்தனை நாள் மழை பெய்கிறது என்று குடைக் கோப்புக்காகக் கேட்டு எழுதிக்கொள்ள அந்த அதிகாரி அங்கே போனார். போனவர் மறுவாரமும் போனார். நாலு தடவை போனார். "மழை நாள் கணக்கு வாரத்துக்கு வாரமா மாறும்?" என்று வக்கீல் மகளைக் கேட்டபோதுதான் வீட்டில் விஷயம் வெளியே வந்தது.

பையன் யோக்கியன். உடனே வேறு துறைக்கு மாற்றல் கேட்டு எழுதிப்போட்டுவிட்டார். துறைமுக ஊரில், மீன்பிடிப் பிரிவில் இடம் காலி. அதே ஊர் வானிலை நிலையத்தில் மகளுக்கும் பதவி உயர்வோடு இடம். அடுத்த மாதம் முதல் தேதி போய்ச் சேர வேண்டும். கல்யாணத்தை முடித்துக்கொண்டு இருவருமாகப் போவதென்று பேச்சு. மாற்றல் உத்தரவு வருவதற்குள் பெரியவர்கள் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடலாம் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வந்தார்கள். அந்த அம்மா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எங்கள் படிக்கட்டில் ஏறும்போதே எங்கள் வீட்டுச் செருப்புகள் தாமாக வரிசையில் நின்ற மாதிரி எனக்குத் தோன்றியது.

அன்று மழை இல்லை என்று காலையில் ரேடியோவில் சொன்னது மகளேதான். வருங்கால மருமகள் வாக்கை நம்பி மாமியார் குடையில்லாமல் வந்தார். கிளம்புகிற நேரத்தில் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. வக்கீல் உள்ளே போனில் இருந்தார். டாக்டரம்மாவின் குடை கிளினிக்கில். மகள் தன் வார்த்தைமேல் வைத்த மரியாதையால் குடையே வைத்துக்கொள்வதில்லை. கதவுக்குப் பின்னால் நின்றதோ ஒன்றே ஒன்று: சங்கம் வழக்குக்காகக் கொடுத்து வைத்திருந்த மஞ்சள் ராட்சசன், 'மாதிரி எண் 14' என்று அட்டை தொங்க. டாக்டரம்மா அதைத் தூக்கி மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டார்.

அந்த ஊர்வலத்தை நான் என் ஜன்னலில் இருந்து பார்த்தேன். அதிகாரி குழாயை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்க, பக்கத்தில் டீச்சர் நிமிர்ந்து நடக்க, தெருமுனைக்குள் அந்தக் கூரையின் கீழ் ஒரு தபால்காரம்மா, தள்ளுவண்டியில் ஒரு குழந்தை, அதன் தாய், நாயோடு ஒருவர் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். போனை வைத்துவிட்டு மூன்றாம் மாடி ஜன்னலுக்கு வந்த வக்கீல், கையில் எடுத்துப் போக முடியாது என்று எதிர்த்தரப்பு சொன்னதைத் தீர்ப்புச் சொல்லவேண்டிய அதிகாரியே கையில் எடுத்துப் போவதைக் கண்டு ஒரு போட்டோகூடப் பிடித்தாராம். அப்புறம்தான் தன் விதி ஞாபகம் வந்தது. அன்றே உட்கார்ந்து ஒன்று விடாமல் எழுதிவிட்டார். மறைக்கத் தெரியாதவர் என்று சொல்லமாட்டேன். தான் எழுதிய சட்டத்தில் தானே ஓட்டை போட மானம் இடம் கொடுக்கவில்லை.

நுணல் தன் வாயால் கெட்டது புதன்கிழமை தெரிந்தது. பழைய ஜூனியர் பதிவைப் படித்துவிட்டாள். குடை வழக்கைத் தீர்மானிக்கிற அதிகாரி குடைச் சங்கத்து வக்கீலிடம் குடை வாங்கியிருக்கிறார் என்று புகார் கொடுத்துவிட்டாள். அதிகாரியை மேஜையிலிருந்து எழுப்பி வீட்டுக்கு அனுப்பினார்கள். மாற்றல் நிறுத்தி வைக்கப்பட்டது. குற்றம் உறுதியானால் வேலை போய்விடும்.

மறுநாள் காலை டீச்சரம்மா அந்த மஞ்சள் ராட்சசனைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். டாக்டரம்மா வாசலிலேயே நின்றார், கையில் ஒரு சின்ன மணல்கடிகாரத்தோடு. பிள்ளைகள் எவ்வளவு நேரம் பல் தேய்க்க வேண்டும் என்று காட்டக் கிளினிக்கில் வைத்திருப்பது. மணல் இறங்கச் சரியாக மூன்று நிமிடம்.

"மூணு நிமிஷம் இருக்கு டீச்சர். திட்டறதைத் திட்டிடுங்க, மிச்சத்துல நான் பேசறேன்."

"திட்டவே அரை மணி ஆகும்."

"அப்ப முக்கியமானதை மட்டும் திட்டுங்க."

டீச்சர் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டார். "முப்பத்துநாலு வருஷம் பள்ளிக்கூடத்துல இருந்தேன். ஒரு சாக்பீஸ் என் வீட்டுக்கு வந்ததில்லை. இன்னைக்கு என் பையன் ஒரு குடைக்கு ஆசைப்பட்டான்னு ஊரே படிக்குது. அவன் பேர் சுத்தமாகற வரைக்கும் கல்யாணப் பேச்சு வேண்டாம். ஆகலைன்னா, எப்பவுமே வேண்டாம். உங்க பொண்ணு நல்ல பொண்ணு, அதுல எனக்கு ஒண்ணும் இல்லை. அப்படியொரு தகப்பன் இருக்கற வீட்டுல சம்பந்தம் வைக்க எனக்குத் தெம்பு இல்லை."

மணல் தீர்ந்துவிட்டது. டாக்டரம்மா விடவில்லை, ஒரு தரம் கீழே போய்விட்டு மறுபடி ஏறி வாருங்கள், புதிதாக மூன்று நிமிடம் கிடைக்கும் என்றார். அந்த அம்மாவும் பாவம், குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, கீழே வரைக்கும் இறங்கி வந்து, என் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்கிவிட்டுத் திரும்ப ஏறினார். இரண்டாம் மாடி தாண்டும்போது மேலே வீட்டுக்குள்ளிருந்து வக்கீல் குரல் வந்தது.

"ஒரு மணி நேரத்துக்குள்ள திரும்பச் சந்திச்சா ரெண்டும் ஒரே சந்திப்புதான். ஒன்பதாம் விதி."

டீச்சர் அப்படியே திரும்பி இறங்கிப் போய்விட்டார். அன்று மூன்றாம் மாடியில் சமையல் நடந்த வாசனை வரவில்லை.

சமையலறைகளுக்கு நடுவே எங்கள் கட்டடத்தில் ஒரு காற்றுப்போக்கி உண்டு. மறுநாள் அதன் வழியாக மகளின் குரல் வந்தது. சத்தம் போடுகிற பெண் இல்லை அவள். வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரியே பேசுவாள். நான் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் கேட்க வேண்டியிருந்தது.

மழைக்கு ஒதுங்கக் கூரை கொடுத்தால் அது பொருள் ஆகாது என்று விதியிலேயே இருக்கிறதே அப்பா, என்று அவள் ஆரம்பித்தாள். குடை என்றால் பொருள். கூடாரம் என்றால் கூரை. அது கூடாரம் என்று விசாரணையில் அப்பா ஒரு வார்த்தை சொன்னால் அவருடைய வேலை நிற்கும், கல்யாணமும் நிற்கும், அதாவது நடக்கும்.

"ஆறு வருஷமா அது குடைன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்மா. நான் ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடி கடைசி கேஸ் இது. கூடாரம்னு என் வாயாலயே சொன்னா, கேஸ் அங்கேயே செத்துடும்."

"தெரியும்பா."

"சொல்லாமலே ஜெயிக்க வழி இருக்கு. அவ என் ஜூனியர். புகார் நிக்கணும்னா அது குடைன்னு அவ சத்தியம் பண்ணிச் சொல்லணும். சொன்னா அவ கட்சிக்காரன் கதை முடிஞ்சுது. அவ சொல்ல மாட்டா. புகார் தானா விழுந்துடும். யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம்."

"விழலைன்னா?"

பாத்திரம் கழுவுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு மகள் சொன்னாள்: "எனக்காகக் கேஸை விடுங்கன்னு கேக்கலப்பா. ஒண்ணாம் தேதி நான் போயிடுவேன். தனியாப் போறேனா, ரெண்டு பேராப் போறோமான்னுதான் தெரியணும்."

விசாரணை பொதுமக்களுக்குத் திறந்தது என்று அறிவிப்பில் போட்டிருந்தது. பொதுமக்களில் நானும் ஒருத்தி. நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன். சின்ன அறை. நீளமான மேஜைக்குப் பின்னால் விசாரணைக்காரர், ஓய்வுபெற்ற நீதிபதி. பக்கத்தில் தட்டச்சு செய்ய ஓர் ஒல்லியான ஆள். மேஜைமேல் குறுக்காக, இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, மாதிரி எண் 14. ஒரு பக்கம் டாக்டரம்மா, மகள். எதிர்ப்பக்கம் மாப்பிள்ளை, டீச்சர். கடைசி வரிசையில் குடைச் சங்கத் தலைவர், தன் வக்கீலின் சாமர்த்தியத்தைப் பார்க்க ஆசையோடு.

வக்கீல் சொன்னபடிதான் நடந்தது. புகார் கொடுத்தவர் முதலில் இது என்ன பொருள் என்று சொல்லட்டும் என்றார். பழைய ஜூனியரும் லேசுப்பட்டவள் இல்லை. பதிவேட்டில் சார் என்ன எழுதியிருக்கிறாரோ அந்தப் பொருள் என்றாள். நான் எழுதியது என் வழக்கம், புகாரில் இவர் கருத்து என்ன என்று இவர் கேட்டார். என் கருத்து முக்கியமில்லை, அந்தப் பொருள் கைமாறியதா இல்லையா என்று அவள் கேட்டாள். இவர் 'அந்தப் பொருள்' என்றார், அவள் 'மேற்படி பொருள்' என்றாள். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் ஏழடிக் குடையை மேஜைமேல் போட்டுக்கொண்டு அதன் பெயரைச் சொல்லாமல் சண்டை போட்டார்கள். தட்டச்சுக்காரர் ஒரு கட்டத்தில் 'அ.பொ.' என்று சுருக்கி அடிக்க ஆரம்பித்துவிட்டார். நீதிபதிக்குக் கொட்டாவி வந்தது. புகாரைத் தள்ளிவிடுவதற்காகப் பேனாவைக்கூட எடுத்துவிட்டார்.

எடுத்தவர், எதற்கும் அதைச் சுமந்து போனவர்களில் ஒருவரையாவது கேட்டுவிடலாமே என்று டீச்சரம்மாவைக் கூப்பிட்டார். உங்கள் வீடு வரைக்கும் எடுத்துப் போனது என்ன என்று கேட்டார்.

"குடை," என்றார் டீச்சர்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"நிச்சயமா?"

"மழை பெஞ்சுது. விரிச்சோம். கீழே நடந்தோம். வீட்டுக்கு வந்து மடக்கினோம். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகிட்ட கேட்டாலும் குடைன்னுதான் சொல்லும்."

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மாவுக்குத் தன் ஒரு வார்த்தையால் என்ன ஆகிறது என்று தெரியாமல் இல்லை. மகன் முந்தின நாளே எல்லாவற்றையும் விளக்கியிருந்தாராம். கேட்ட கேள்விக்குப் பொய்ப் பதில் சொல்ல அவருக்கு வராது, அவ்வளவுதான். வக்கீல் எல்லாக் கணக்கும் போட்டவர், அந்த அறைக்குள் உண்மையைச் சொல்லக்கூடிய ஒரு ஆள் இருப்பார் என்று மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் தொழிலில் அது அபூர்வம்.

நீதிபதி எழுதத் தொடங்கினார். மகள் அப்பாவைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வக்கீல் எழுந்தார். அந்தப் பொருளை விரித்துக் காட்ட அனுமதி வேண்டும் என்றார். நீதிபதி வேண்டாம் என்று சொல்வதற்குள் விரித்துவிட்டார். தண்ணீர்க் குடுவை ஒரு பக்கம் உருண்டது. ஒரு கம்பி தட்டச்சுக்காரரின் மூக்குக்கண்ணாடியைப் பறித்துக்கொண்டு போனது. அறையின் பாதி மஞ்சளாகிவிட்டது. நீதிபதி, தட்டச்சுக்காரர், ஜூனியர், சாட்சி சொல்ல நின்ற டீச்சர், வாசல் காவலாளி, மாப்பிள்ளை எல்லோரும் அதன் கீழே. வக்கீல் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார், குரல் மட்டும் வெளியே வந்தது.

"இதுக்கடியில இப்ப ஏழு பேர் இருக்கோம் ஐயா. ஏழு பேர் நிக்கிற இடத்துக்குக் கூரைன்னுதான் பேரு. டீச்சரம்மா பொய் சொல்லலை. அவங்களுக்குக் குடைன்னு பட்டது. ஆனா பட்டியல்படி இது கூடாரம்."

நீதிபதி துணியை விலக்கித் தலையை வெளியே நீட்டினார். ஆறு வருஷக் கோப்பில் குடை என்று உங்கள் கையெழுத்து இருக்கிறதே என்று கேட்டார்.

"ஆறு வருஷமா நான் சொன்னது தப்பு," என்றார் வக்கீல்.

டாக்டரம்மா பக்கத்திலிருந்த என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அந்த வாக்கியத்தை அவர் முதன்முறையாகக் கேட்கிறாராம். அதுவும் அரசாங்கச் செலவில் டைப் அடித்துக் கிடைக்கிறது. சங்கத் தலைவர் எழுந்து, நாற்காலியைத் தள்ளிவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். அவரோடு போனது ஆறு வருஷ வழக்கு.

மறுப்பு உண்டா என்று ஜூனியரைக் கேட்டார்கள். மறுத்தால் அவள் வாயால் குடை என்று சொல்ல வேண்டும். வந்தது ஒரு அதிகாரியைக் கவிழ்க்க. கிடைத்ததோ வழக்கே தட்டில் வைத்து. அவள் கொஞ்ச நேரம் பழைய குருவைப் பார்த்தாள். "சார் சொல்றதை நான் மறுக்கலை," என்று உட்கார்ந்துவிட்டாள். ஒதுங்கக் கூரை கொடுத்தது பொருள் கொடுத்ததாகாது என்று புகார் தள்ளுபடி.

வெளியே வராந்தாவில் டீச்சரம்மா வக்கீலை நிறுத்தினார்.

"நான் குடைன்னு சொன்னது சரிதானே?"

வக்கீல் சுற்றும்முற்றும் பார்த்தார். தட்டச்சுக்காரர் இன்னும் உள்ளே கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"சரிதாங்க சம்பந்தியம்மா," என்றார் மெல்ல. "அது குடையேதான்."

டீச்சர் அவரை மேலும் கீழுமாகப் பார்த்தார், பரீட்சையில் காப்பியடித்துப் பிடிபட்ட பையன் இன்னொருத்தன் பெயரைச் சொல்லாமல் நின்றால் பார்க்கிற மாதிரி. பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பி, முதல் தேதிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டார். டாக்டரம்மா விரல் விட்டு எண்ணிப் பதினொன்று என்றார். பதினொன்று போதும் என்றார் டீச்சர்.

பதிவு அலுவலகத்தில் கல்யாணம் ஒன்பதாம் நாள் நடந்தது. மழை வராது என்று மணப்பெண் சொன்னாள். எங்கள் கட்டடத்தில் அத்தனை பேரும் குடையோடு போனோம். மழை வரவில்லை, ஆனாலும் நாங்கள் நம்பவில்லையே என்று அவளுக்குக் கொஞ்சம் வருத்தம். இருவரும் சொன்ன தேதிக்குத் துறைமுக ஊர் போய்ச் சேர்ந்தார்கள். மாப்பிள்ளை இப்போது மீன்களுக்குப் பெயர் வைக்கிறார் என்று கேள்வி. டீச்சரம்மா மகனோடு போய் நாலு மாதம் இருந்தார்; மருமகளோடு சண்டையில்லை, கடற்காற்றோடுதான் சண்டை, திரும்பி வந்து பழைய வீட்டிலேயே இருக்கிறார். பழைய ஜூனியர் அந்தத் தட்டச்சுக்காரரையே கட்டிக்கொண்டு தெற்கே எங்கேயோ போய்விட்டாள். எந்த ஊர் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை, முயற்சியை விடவில்லை. குடைச் சங்கத்துக்காரர்கள் வேறு வக்கீல் வைத்துக்கொண்டார்கள்.

வக்கீல் கொஞ்ச நாள் சும்மா இருந்தார். ஆட்கள் வந்து கூப்பிட்டார்கள், போகவில்லை. மகளுக்குப் பெண் குழந்தை பிறந்த மாதம் டாக்டரம்மா கிளினிக்கைத் தன் உதவி டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டு, இவரையும் அழைத்துக்கொண்டு துறைமுக ஊருக்கே குடிபோய்விட்டார். மகள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. மூன்றாம் மாடிக்கு இப்போது ஒரு கணவன் மனைவி வந்திருக்கிறார்கள். நல்ல ஜனங்கள்தான். என்ன, ரொம்ப மெதுவாகப் பேசுகிறார்கள்.